புர்வாதி, வாகியோ, 1994

மலாங், 12 பிப்ரவரி 2017

நிங்,

எனக்கு ஓர் அநியாயம் நடந்திருக்கிறது. என் கட்டுரை உன் பெயரில் இருக்கிறது. நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

1994இல் வந்த கட்டுரை. வாழைத்தாரை வெட்டினால் ரத்தம்போல் வடியுமே, அந்த நோயின் கிருமியை அதன் மரபணுவை வைத்தே கண்டுபிடிக்கும் முறை. எழுதியவர்கள் இரண்டே பேர்: டாக்டர் புர்வாதி, வாகியோ. டாக்டர் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. வாகியோ நான். முப்பத்தொரு வருடம் ஆய்வகத்தில் வேலை பார்த்து, என் பெயர் அச்சில் வந்தது அந்த ஒரு முறைதான்.

ஏப்ரலில் எங்கள் நிலையத்துக்கு ஐம்பதாவது ஆண்டு விழா. அதற்கு மலர் போடுகிறார்கள். நூலகர் இபு லாஸ்த்ரி, நிலையத்தின் கட்டுரைகளில் எதை அதிகம் பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று கணினியில் தேடியிருக்கிறார். முதலிடம் எங்களுடையது. அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்புறம் அவர் திரையைப் பார்த்துக் கண்ணாடியைத் துடைத்தார்.

"பாக் வாகியோ, இதுல ரெத்னாநிங்சி வாகியோ, மக்காசார்னு போட்டிருக்கு. உங்க தங்கச்சி மகதானே?"

"அவளேதான்."

"தொண்ணூத்தி நாலுல அவளுக்கு என்ன வயசு?"

"பதினஞ்சு."

"கெட்டிக்காரிதான். பள்ளிக்கூடச் சீருடையோட வந்து மரபணுவைப் பிரிச்சிருக்கா."

அங்கிருந்த எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

இது எப்படி நடந்தது, எப்போது திருப்பித் தருவாய், இரண்டுக்கும் பதில் வேண்டும். தொலைபேசியில் அழைக்காதே. எழுத்தில் வேண்டும்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே நாங்கள் நலம், என் முழங்கால் தவிர.

வாகியோ


மக்காசார், 27 பிப்ரவரி 2017

அம்மாவின் அண்ணனும், என்னை வீட்டில் வைத்துப் படிக்க வைத்தவருமான பக்டே வாகியோவுக்கு,

சலாம். அத்தையான புடே சுமிராவின் சர்க்கரை அளவு எப்படி? உங்கள் முழங்காலுக்கு இஞ்சி எண்ணெய் அனுப்பியிருந்தேன், வந்ததா?

பக்டே, நான் எடுக்கவில்லை. கணினி செய்த பிழை. ஆனால் அந்தப் பிழைக்கு விதை போட்டது நான்தான்.

2006இல் நெதர்லாந்துக்குப் படிக்கப் போவதற்கான விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை. என்னோடு வந்த ஹர்யந்தி தன் பெயரையே இரண்டு தடவை எழுதினாள். அங்கே போனபிறகு அவளை எல்லாரும் ஹர்யந்தி ஹர்யந்தி என்று அழைத்தார்கள், ஏதோ தொலைந்த பிள்ளையைத் தேடுவதுபோல. எனக்கு அப்படி எழுதப் பிடிக்கவில்லை. கலிமந்தானுக்குப் போய்த் திரும்பாத அப்பாவின் பெயரையும் எழுதப் பிடிக்கவில்லை. கையில் குடும்ப அட்டை இருந்தது. குடும்பத் தலைவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருந்தது. அதை எழுதினேன்.

அன்றிலிருந்து என் கட்டுரைகளில் நான் 'வாகியோ, ரெ.' கட்டுரைகளை அடுக்கி எண்ணும் கணினிக்கு ஒற்றைப் பெயர் என்றால் என்னவென்று தெரியாது. கிருமி, மரபணு, வாகியோ மூன்றையும் பார்த்ததும் இரண்டு பேரையும் ஒரே ஆளாக்கிவிட்டது. திருத்தக் கேட்டு எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிங்


மலாங், 9 மார்ச் 2017

நிங்,

எண்ணெய் வந்தது. வாசனை நன்றாக இருக்கிறது. வலி அப்படியேதான் இருக்கிறது. சுமிராவுக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது, ஆனால் விருந்து வீடுகளுக்குப் போவதை நிறுத்தமாட்டாள்.

என் பெயரை எடுத்துக்கொள்வதற்கு முன் என்னிடம் கேட்டாயா? பதினோரு வருடமாகச் சொல்லவும் இல்லை. அதைப் பற்றி இப்போது பேச விரும்பவில்லை. கட்டுரையைப் பற்றித்தான் பேசுகிறேன்.

உன் கடிதத்தைச் சுமிராவுக்குப் படித்துக் காட்டினேன். குடும்ப அட்டை என்ற இடம் வந்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். திரும்பி வந்து என்னைத்தான் திட்டினாள்.

"பேப்பர் போச்சு, பேப்பர் போச்சுன்னு ஒரு மாசமா உசிர எடுக்குறீங்க. அவ என்ன அடுத்த தெருக்காரியா? வீட்டுக்குள்ளதானே இருக்கு?"

"வீட்டுக்குள்ள இருந்தா என் சட்டைய அவ போட்டுப்பாளா?"

"சின்ன வயசுல போட்டுக்கிட்டுத்தான் திரிஞ்சா."

இவளிடம் விஞ்ஞானம் பேச முடியாது. உன் அம்மா எங்கேயோ சொன்னாளாம், நீ பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாய் என்று. உண்மையா? இந்தக் கட்டுரைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா? நான்காம் வகுப்போடு நின்றவன் நான். அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலக் கையேடுகளைப் படித்தவன். புரியாது என்று நினைத்து எதையும் விட்டுவிடாதே.

திருத்தும் வேலை எந்த நிலையில் இருக்கிறது?

வாகியோ


மக்காசார், 2 மே 2017

பக்டேவுக்கு,

சலாம். பதில் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். தேர்வுத்தாள்கள், கூட்டங்கள், இடையில் எனக்குக் காய்ச்சல். இப்போது தேவலை. புடேயிடம் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள்.

விண்ணப்பம் போட்டிருப்பது உண்மைதான். எங்கள் பல்கலைக்கழகத்தில் பத்து என்று ஒரு தர எண் கேட்கிறார்கள். பத்து என்றால், குறைந்தது பத்துக் கட்டுரைகள் இருக்க வேண்டும், ஒவ்வொன்றையும் பத்துப் பேராவது மேற்கோள் காட்டியிருக்க வேண்டும். என்னுடையது பத்து.

திருத்தக் கேட்டு எழுதியிருக்கிறேன். அவர்கள் வேலை மெதுவாக நடக்கும்.

ஆண்டு விழா நன்றாக நடந்ததா? அழைப்பு எனக்கும் வந்தது. வரமுடியாது என்று எழுதிவிட்டேன்.

நிங்


மலாங், 15 மே 2017

நிங்,

காய்ச்சல் போய்விட்டதா? அங்கே டெங்கு என்று செய்தியில் படித்தேன். தண்ணீர்த் தொட்டியை மூடி வை.

விழா நடந்தது. நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முதலிடம் பெற்ற கட்டுரைக்குக் கேடயம் என்று அறிவித்தார்கள். முனைவர் ரெத்னாநிங்சி வாகியோ வரவில்லை, அவர் சார்பில் மாமா வாகியோ பெற்றுக்கொள்வார் என்றார்கள். என் கட்டுரைக்கான கேடயத்தை உன் சார்பில் நான் வாங்க வேண்டுமாம்! போகவில்லை. இயக்குநர் மேடையிலிருந்து இறங்கி வந்து என் தோளைத் தட்டினார். "கூச்சப்படாதீங்க பாக், உங்க குடும்பத்துக்கே பெருமை" என்றார். டாக்டர் புர்வாதி இருந்திருந்தால் அந்த ஆளின் கையைத் தட்டிவிட்டிருப்பார்.

இப்போது உன் கணக்குக்கு வருகிறேன். இபு லாஸ்த்ரியை உட்காரவைத்து எண்ணச் சொன்னேன். உன் பத்துக் கட்டுரைகளில் ஒன்று என்னுடையது. எடுத்தால் ஒன்பது. சரி. ஆனால் எனக்குப் புரியாதது வேறு. அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் சொன்ன கட்டுரையும் ஒன்று, பதினொரு பேர் சொன்ன கட்டுரையும் ஒன்றா? மிச்சம் அறுநூற்றிரண்டு பேர் எங்கே போனார்கள்? "அப்படித்தான் பாக் அந்தக் கணக்கு" என்றார் லாஸ்த்ரி. இப்படி ஒரு கணக்கைக் கண்டுபிடித்தவன் ஒரு நாளாவது எங்கள் ஆய்வகத்தில் நின்றிருக்க வேண்டும்.

அப்போது எங்களிடம் சூட்டைத் தானே ஏற்றி இறக்கும் சுழற்சி இயந்திரம் கிடையாது. மூன்று வெந்நீர்த் தொட்டிகள். தொண்ணூற்று நான்கு டிகிரி, ஐம்பத்தைந்து, எழுபத்திரண்டு. குழாய்களைப் பிடித்துக்கொண்டு ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்ற வேண்டும், முப்பது சுற்று. நிமிடக் கணக்கு தவறினால் எல்லாம் வீண். இரண்டரை மணி நேரம் உட்காரவும் கூடாது, தும்மவும் கூடாது. அப்படி நாற்பத்தேழு முறை. இந்த முழங்கால் அங்கே போனதுதான்.

நேற்றுவரை கட்டுரை உன் பட்டியலில்தான் இருக்கிறது. யாருக்கு எழுதினாய், எப்போது எழுதினாய், நகல் அனுப்பு.

வாகியோ


மக்காசார், 3 ஜூலை 2017

பக்டேவுக்கு,

பெருநாள் வாழ்த்து. தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வருடம் ஊருக்கு வர முடியவில்லை. புடேயின் தேங்காய்ப்பால் கோழிக்குழம்பு இல்லாமல் பெருநாளே பெருநாள் மாதிரி இல்லை.

கட்டுரையை என் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் உங்களுக்கு வரவில்லை. குப்பாங்கில் சாலைத் துறையில் ஒரு வாகியோ இருக்கிறார், தார்ச்சாலையில் விரிசல் விழுவதைப் பற்றி இரண்டு கட்டுரை எழுதியவர். கணினி அவரிடம் கொடுத்துவிட்டது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கே தலை சுற்றுகிறது.

ஒன்று கேட்க நினைத்தேன். அந்தக் கட்டுரையின் இரண்டாவது படத்தை எடுத்தது யார்? நீங்களா, டாக்டரா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

நிங்


மலாங், 29 ஜூலை 2017

நிங்,

நாங்களும் பொறுத்துக்கொண்டோம், நீயும் பொறுத்துக்கொள். உன் பங்குக் குழம்பைச் சுமிரா மூன்று நாள் வைத்திருந்து, பிறகு அழுதுகொண்டே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே.

குப்பாங் வாகியோவுக்குக் கடிதம் எழுதினேன். நல்ல மனிதர், பதில் உடனே வந்தது. அப்படியே எழுதுகிறேன்: "ஐயா, உங்கள் வாழை என் தார்ச்சாலைக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. போன மாதம் என்னை அறுநூற்றுச் சொச்சம் பேர் மேற்கோள் காட்டியதாகத் தெரிந்து அலுவலகத்தில் ஆடு வெட்டி விருந்து வைத்துவிட்டார்கள். மேலதிகாரி பேசும்போது, நம்ம வாகியோ அடக்கமா இருந்தே சாதிச்சிட்டாரு என்றார். நான் எழுந்து மறுத்தேன். அதையும் அடக்கம் என்று கைதட்டினார்கள். தயவுசெய்து சீக்கிரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்கு என்ன பதில் சொல்வது என்றும் எழுதுங்கள்."

இவ்வளவும் படித்துவிட்டு லாஸ்த்ரியிடம் போனால், கட்டுரை குப்பாங்கில் இல்லை. மறுபடி உன்னிடமே வந்திருக்கிறது. தானாக வந்ததா? நீ எடுத்தாயா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பத்து வேண்டும் என்றால் வேண்டும் என்று சொல். திருடு என்று சொல்லி நான் உன் பல்கலைக்கழகத்துக்கு எழுதமாட்டேன். ஆனால் கொடுக்கவும் மாட்டேன்.

படத்தைப் பற்றி ஏன் கேட்கிறாய்? இருபத்து மூன்று வருடம் ஆகிவிட்டது. சரியாக நினைவில்லை.

வாகியோ


மக்காசார், 20 ஆகஸ்ட் 2017

பக்டேவுக்கு,

சலாம். இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். நீங்களும் புடேயும் நலமாக இருக்க வேண்டும்.

குப்பாங்கிலிருந்து கட்டுரையைத் திரும்ப வாங்கியது நான்தான். காரணத்தைச் சொல்கிறேன்.

ஏப்ரல் மூன்றாம் தேதி, கட்டுரையை வெளியிட்ட இதழிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. கட்டுரையாளர் நான் என்று நினைத்து எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். பழைய கட்டுரைகளின் படங்களை இப்போது யாரோ சோதிக்கிறார்கள். இரண்டாவது படத்தில் வாழைக்கு ஒன்றாக ஓடும் தடங்களில் நான்காவது, நோய் இல்லாத வாழையின் தடம், மற்றத் தடங்களோடு பொருந்தவில்லையாம். இரண்டு பக்கமும் கத்தியால் வெட்டியதுபோல் நேர்கோடு தெரிகிறதாம். விளக்கம் தர வேண்டும், இல்லையென்றால் கட்டுரையைத் திரும்பப் பெறுவோம் என்கிறார்கள். செப்டம்பர் முப்பது கடைசி நாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு இருக்கிறது, பக்டே.

அவகாசம் கேட்டு எழுதினேன். அந்த வாகியோ நான் இல்லை என்று மட்டும் எழுதவில்லை. அது குப்பாங்குக்குப் போனபோது, இதழின் கடிதங்கள் அவருக்குப் போய்விடும், அவர் நேர்மையானவர், உங்கள் முகவரியைக் கொடுத்துவிடுவார் என்று பயந்தேன். அச்சில் வந்த ஒரே கட்டுரை என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, அந்தக் கடிதம் உங்கள் வீட்டுக்கு வரக்கூடாது என்று நினைத்தேன்.

இதை மட்டும் சொல்லி முடித்தால் நான் நல்லவளாகிவிடுவேன். விண்ணப்பத்தில் பத்து என்று எழுதியது மார்ச் மாதம். இதழின் கடிதம் வந்தது ஏப்ரலில். பிப்ரவரியிலேயே திருத்தக் கேட்கிறேன் என்று உங்களுக்கு எழுதினேன். ஜூன்வரை கேட்கவில்லை. உங்களுக்காகச் செய்தேனா, எனக்காகச் செய்தேனா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

நான் என்ன செய்யட்டும்?

நிங்


மலாங், 7 செப்டம்பர் 2017

நிங்,

உன் கடிதம் பத்து நாளைக்கு முன்பே வந்துவிட்டது. சாப்பிடு, தூங்கு. உன் உடம்பு கெட்டால் எல்லாரும் என்னைத்தான் கேட்பார்கள்.

படத்தைப் பற்றி ஜூலையில் நீ கேட்டபோதே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நினைவில்லை என்று எழுதியது பொய். அந்தப் படத்தின் ஒவ்வொரு தடமும் எனக்கு நினைவிருக்கிறது.

நடந்தது இது. லுமாஜாங்கிலிருந்து வந்த நோயில்லாத வாழையின் மாதிரி கூழ்த் தகட்டின் நான்காவது குழியில் இருந்தது. ஐந்தாவது குழியில் திரவத்தை விடும்போது என் கை தவறிக் கொஞ்சம் பக்கத்தில் வழிந்துவிட்டது. படம் எடுத்துப் பார்த்தால் நான்காவது தடத்தில் மங்கலாக ஒரு பட்டை. நோயில்லாத மரத்துக்கு நோய் இருப்பதுபோல். மறுநாள் அதே வாழையின் மாதிரியைத் தனித் தகட்டில் மறுபடி ஓட்டினேன். சுத்தமாக வந்தது. முழுப்படத்தையும் மறுபடி எடுக்கலாம் என்றால் நொதி தீர்ந்துவிட்டது. புதிய குப்பி வர மூன்று மாதம் ஆகும். இதழுக்கு அனுப்பும் தேதி நெருங்கிவிட்டது.

டாக்டர் சொன்னார், "அந்த ஒரு தடத்த மட்டும் நேத்து எடுத்த நல்ல படத்துலேர்ந்து வெட்டி ஒட்டிடு, கியோ. பொய்யா சொல்றோம்? ரெண்டும் நாம ஓட்டினதுதானே?"

"கீழ ஒரு வரி எழுதிடலாமா டாக்டர்?"

"எழுதினா ஆயிரம் கேள்வி கேப்பாங்க."

சவர பிளேடால் வெட்டினேன். பசை வைத்து ஒட்டினேன். அந்த நாளில் பல ஆய்வகங்களில் இதைச் செய்தார்கள். அது எனக்குச் சாக்கு இல்லை. மறுநாள் எடுத்த அந்த நல்ல படம் இப்போது எங்கே என்று தெரியாது. நிலையம் இடம் மாறியபோது பழைய பெட்டிகளை எரித்தார்கள். ஆக, என்னிடம் சான்று இல்லை. நான் மட்டும்தான் இருக்கிறேன். முறை சரியானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அறுநூறு பேர் செய்து பார்த்துவிட்டார்கள். ஆனால் படம் ஒட்டுப்போட்ட படம். நீ எத்தனை மாதம் பெரிதாக்கிப் பார்த்தாலும் இதை இதழுக்குச் சொல்லியிருக்க முடியாது.

என்னைக் காப்பாற்றினாயா, உன் பத்தைக் காப்பாற்றினாயா என்று நானும் யோசித்துப் பார்த்தேன். சுமிராவிடம் கேட்டேன். "ரெண்டும்தான். நீங்க மட்டும் அவள அட்டையில எழுதினது பாசத்துலயா, ரேஷன் அரிசி கூட வரும்னா?" என்றாள். எனக்கு ஞாபகமில்லை. இது பொய் இல்லை, உண்மையிலேயே ஞாபகமில்லை.

கட்டுரை என்னுடையது. சரியாக இருந்தபோது என்னுடையது என்றால் தப்பாக இருக்கும்போதும் என்னுடையதுதான். இனி நடக்க வேண்டியவை இவை. பேரம் கிடையாது.

நீ இன்றே இதழுக்கு எழுத வேண்டும்: நான் அந்த வாகியோ இல்லை, அவர் உயிரோடு இருக்கிறார், இதுதான் முகவரி என்று. ஏப்ரலிலேயே சொல்லாமல் விட்டதையும் எழுது, அழகுபடுத்தாதே.

உன் பல்கலைக்கழகத்துக்கு ஒன்பது என்று திருத்திக் கொடு. பதவி கிடைக்கவில்லை என்றால் பத்தாவதை எழுது. உனக்கு முப்பத்தெட்டு வயதுதான். பெயரை மாற்றப் போகிறேன் என்று கிளம்பாதே, அட்டையில் இருப்பது இருக்கட்டும்.

இபு லாஸ்த்ரி என் விளக்கத்தைக் கணினியில் ஏற்றி ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டும். வழிந்தது என்பதை வழிந்தது என்றே போட வேண்டும். "நெஜமாவே அனுப்பணுமா பாக்?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். அனுப்பணும்.

இயக்குநர் அந்தக் கேடயத்தை அலமாரியிலிருந்து எடுத்துவிட வேண்டும். நான் கேட்டால் எடுக்கமாட்டார், லாஸ்த்ரியே எடுத்துவிடுவதாகச் சொல்கிறார்.

இதழ், தான் நினைத்தபடி முடிவு செய்யட்டும். திரும்பப் பெற்றால் அறிவிப்பில் என் பெயரை முழுதாகப் போட வேண்டும். முன்னால் எழுத்தும் வேண்டாம், இரண்டு தடவையும் வேண்டாம்.

குப்பாங்காரருக்கு எழுதிவிட்டேன், ஆட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று.

டாக்டரின் மனைவிக்கு எண்பத்தொரு வயது, சுராபாயாவில் மகளோடு இருக்கிறார். கட்டுரையைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார். இதழின் அறிவிப்பு அச்சில் வருவதற்கு முன் அவருக்குத் தெரிய வேண்டும். வெட்டச் சொன்னது அவர் கணவர், வெட்டியது நான், இரண்டையும் சொல்ல வேண்டும். இதை லாஸ்த்ரியோ நீயோ கடிதமோ செய்ய முடியாது. நான்தான் செய்ய வேண்டும். திங்கட்கிழமை காலை ரயிலில் போகிறேன்.

வாகியோ